பங்கு உங்கள் கையில்... லாபம் யார் கையில்?

திருவொற்றியூரில் அந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரின் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மணலி தெரியும். இருட்டியதும், சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய் உச்சியில் தீ நாக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

"முப்பது வருஷமா அந்த நெருப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கேன் தம்பி. அது எரியற வரைக்கும் கம்பெனிக்கு என்ன குறை வரப் போகுதுன்னு நினைச்சுத்தான் பணத்தைப் போட்டேன்" என்று சிரிக்கிறார் சார்.

2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் பங்குக்கு 55 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்தது. சார் கணக்குப் போட்டார். 200 பங்கு வாங்கினால் வருடத்துக்கு 11,000 ரூபாய். வீட்டுக்காரம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் பெரும்பகுதிக்கு அது ஆகும். அந்த ஜூன் மாதம் 1,000 ரூபாயை ஒட்டிய விலையில் 200 பங்குகளை வாங்கினார். முதிர்ந்த ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்றிலிருந்து எடுத்த பணம் அது.

டிவிடெண்ட் வந்தது. வருமான வரிப் பிடித்தம் 10 சதவிகிதம் போக 9,900 ரூபாய். அடுத்த வருடமும் காத்திருந்தார். அறிவிப்பு வந்தது: பங்குக்கு 5 ரூபாய். 200 பங்குக்கு 1,000 ரூபாய். இடையில் 2025 தொடக்கத்தில் பங்கின் விலையே பாதியாகியிருந்தது.

"ஏங்க, பிரீமியம் கட்ட கடைசி நாள் வருதே, அந்த டிவிடெண்ட் வந்துடுச்சா?" என்று அம்மா கேட்டபோது, என்ன பதில் சொல்வது என்று சாருக்குத் தெரியவில்லை. ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. தீயும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று?

பெட்ரோல், நிலக்கரி, மின்சாரம், இரும்பு, செம்பு... இந்தத் துறைப் பங்குகளை வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்வி இது. சோப்பு கம்பெனியோ பிஸ்கட் கம்பெனியோ தன் பொருளுக்குத் தானே விலை வைக்கும். இந்த நிறுவனங்களில் பலவற்றுக்கு அந்த உரிமை கிடையாது. லாபம் இன்னொருவர் கையில் இருக்கிறது. அது யார் கை என்று தெரியாமல் பணம் போட்டால், நாமும் மொட்டை மாடியில் நின்று நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடலை விவசாயி, செக்குக்காரர், கடைக்காரர்

இந்தத் துறையைப் புரிந்துகொள்ள நம் ஊர் எண்ணெய்ச் செக்கு போதும்.

முதலில் கடலை விவசாயி. விளைச்சல் அவருடையது, ஆனால் விலையைச் சொல்வது சந்தை. ஓ.என்.ஜி.சி, ஹிந்துஸ்தான் ஜிங்க், நால்கோ போன்றவை இந்த ரகம். பூமியிலிருந்து எடுப்பதற்கான செலவு பெரிதாக மாறாது. உலகச் சந்தையில் விலை ஏறினால் ஏறிய தொகை பெரும்பாலும் லாபம். இறங்கினால் அடியும் நேராக லாபத்தில்தான் விழும்.

அடுத்தவர் செக்குக்காரர். கடலையை வாங்கி ஆட்டி, எண்ணெயையும் பிண்ணாக்கையும் விற்பவர். அவருக்குக் கடலை விலை ஏறியதா, இறங்கியதா என்பது மட்டும் முக்கியமல்ல. கடலை விலைக்கும் எண்ணெய் விலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதே முக்கியம். சுத்திகரிப்பு ஆலைகள் இந்த ரகம். அந்த இடைவெளியைத்தான் 'ரிஃபைனிங் மார்ஜின்' என்கிறார்கள். சாரின் பங்கு இந்த வகையைச் சேர்ந்தது.

மூன்றாமவர் கடைக்காரர். எண்ணெயை வாங்கி ஊருக்கு விற்பவர். ஆனால், ஊரில் விலை ஏறினால் பஞ்சாயத்தில் கேள்வி வரும். தேர்தல் வந்தால் விலை ஏறவே ஏறாது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவை சொந்தமாக ஆலைகள் வைத்திருந்தாலும், பெட்ரோல் பங்க் வரும்போது இந்தக் கடைக்காரரின் நிலைதான்.

நான்காமவர் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பவர். செலவும் கூலியும் ஒப்பந்தத்திலேயே பேசி முடிக்கப்பட்டிருக்கும். என்.டி.பி.சி, பவர் கிரிட், நம் நெய்வேலி என்.எல்.சி ஆகியவற்றின் பெரும்பகுதி வியாபாரம் இப்படிப்பட்டது. மின்சாரத்துக்கு என்ன விலை, போட்ட மூலதனத்துக்கு எத்தனை சதவிகிதம் வருமானம் என்பதை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துவிடும். அனல்மின் நிலையங்களுக்குப் பல வருடங்களாக அது 15.5 சதவிகிதம். பெரிய குதிப்பும் இருக்காது, பெரிய சரிவும் இருக்காது.

'எனர்ஜி ஷேர்' என்ற ஒரே பெயரில் இந்த நான்கு பேரையும் ஒரு கூடையில் போடுவதுதான் முதல் தவறு. கச்சா எண்ணெய் விலை ஏறுகிறது என்ற ஒரே செய்தி, விவசாயிக்கு நல்ல செய்தி. கடைக்காரருக்குக் கெட்ட செய்தி. கூலிக்கு ஆட்டுபவருக்கு அது செய்தியே இல்லை.

மணலியின் ஏற்ற இறக்கம்

செக்குக்காரரின் வாழ்க்கை எப்படி ஆடும் என்பதற்கு மணலி ஆலையே உதாரணம்.

2019-20 நிதியாண்டில் சென்னை பெட்ரோலியத்துக்கு 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். அந்த மார்ச் மாதம் கொரோனா பயத்தில் கச்சா எண்ணெய் விலை உலகெங்கும் சரிந்தது. ஆலை வாங்கிய எண்ணெய் கப்பலில் வந்து, தொட்டியில் இறங்கி, பெட்ரோலாக மாறுவதற்குள் வாரங்கள் ஆகும். வாங்கியது பழைய விலை, விற்பது புதிய விலை. நூறு மூட்டை கடலையை வாங்கி அடுக்கிய மறுநாள் சந்தை விலை பாதியானால் செக்குக்காரருக்கு என்ன ஆகுமோ, அதுதான் ஆனது.

அடுத்து, 2022-ல் ரஷ்யா - உக்ரைன் போர். உலகெங்கும் டீசலுக்குத் தட்டுப்பாடு. இடைவெளி விரிந்தது. 2022-23-ல் லாபம் 3,500 கோடி ரூபாயை எட்டியது. 2023-24-லும் 2,700 கோடிக்கு மேல். 55 ரூபாய் டிவிடெண்ட் வந்தது அந்த வெள்ளத்திலிருந்துதான். 2024-25-ல் இடைவெளி மறுபடி சுருங்கியது. முந்தைய வருட லாபத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

ஆறு வருடத்தில் பெரு நஷ்டம், பெரு லாபம், பிறகு சொற்ப லாபம். ஆலை அதேதான், ஆட்கள் அவர்கள்தான். மாறியது நடுவிலிருந்த அந்த இடைவெளி மட்டுமே. சார் பார்த்தது ஒரே ஒரு வருடத்தின் டிவிடெண்ட். அதை பேங்க் வட்டி மாதிரி நினைத்துவிட்டார். வட்டி என்பது எழுதிக் கொடுத்த வாக்கு. டிவிடெண்ட் என்பது அந்த வருடத்து அறுவடையில் கிடைக்கும் பங்கு. ஆற்றில் வெள்ளம் வந்த வருடத்தை வைத்து வாய்க்காலை அளக்கக் கூடாது.

அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து

சந்தை ஒரு கை என்றால், அரசாங்கம் இன்னொரு கை.

2018 அக்டோபர் 4. பெட்ரோல், டீசல் விலை உச்சத்தில் இருந்த நேரம். மத்திய அரசு உற்பத்தி வரியில் லிட்டருக்கு 1.50 ரூபாய் குறைத்தது. கூடவே, 'எண்ணெய் நிறுவனங்களும் லிட்டருக்கு 1 ரூபாயைத் தாங்கிக்கொள்ளும்' என்று அறிவித்தது. பைக்கில் போகிறவர்களுக்குச் சந்தோஷம். மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளும் அன்று ஒரே நாளில் 10 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தன.

2022 ஜூலை 1. போரினால் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியிருந்தது. 'விவசாயி' ஓ.என்.ஜி.சி-க்கு எதிர்பாராத லாபம். அன்று காலை உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் வரி வந்து விழுந்தது. பீப்பாய்க் கணக்கில் ஏறத்தாழ 40 டாலர். அன்று ஓ.என்.ஜி.சி பங்கு 13 சதவிகிதம் அளவுக்குச் சரிந்தது. பிறகு அந்த வரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட்டு, கடைசியில் 2024 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

இதில் அரசைக் குறை சொல்லிப் பயனில்லை. சமையல் எரிவாயுவும் டீசலும் கோடிக்கணக்கான குடும்பங்களின் பிரச்னை. விலை கட்டுமீறும்போது எந்த அரசும் தலையிடத்தான் செய்யும். அந்தத் தலையீட்டின் செலவில் ஒரு பகுதி, பங்கு வைத்திருக்கும் நம் தலையிலும் விழும் என்பதை வாங்கும்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசு பெரிய பங்குதாரராக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. பட்ஜெட்டுக்குப் பணம் தேவை என்பதால் அது டிவிடெண்டைக் கேட்டு வாங்கும். பொதுத்துறை நிறுவனங்கள் லாபத்தில் குறைந்தது 30 சதவிகிதத்தையாவது டிவிடெண்டாகத் தர வேண்டும் என்பது பொதுவான விதி. அதே பந்தியில் நமக்கும் ஓர் இலை விழுகிறது.

பொங்கல் பங்கும் தீபாவளிப் பங்கும்

சாருக்கு 2024 முதல் அனுபவம் அல்ல. 2008 பொங்கல் சமயத்தில் ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீடு வந்தது. தெருவெல்லாம் அதே பேச்சு. டீமேட் கணக்கு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட அதற்காகவே கணக்கு தொடங்கினார்கள். வெளியீட்டு விலை 450 ரூபாய். சிறு முதலீட்டாளர்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி. சுமார் 11,500 கோடி ரூபாய் திரட்ட வந்த வெளியீட்டுக்கு 70 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. அப்போது அந்த நிறுவனத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் மின் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. திட்டங்கள் மட்டுமே இருந்தன.

வெளியீடு முடிந்த சில நாட்களில், ஜனவரி 21 அன்று, சந்தை பெரிதாகச் சரிந்தது. பிப்ரவரி 11-ல் பட்டியலான முதல் நாளே பங்கு 372.50 ரூபாய்க்கு இறங்கி முடிந்தது. பிறகு ஐந்துக்கு மூன்று போனஸ் பங்கு கொடுத்தார்கள். அப்படியும் ஒரு பங்கின் அடக்க விலை 269 ரூபாய் ஆயிற்று. 2020 மார்ச்சில் அந்தப் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே போனது.

சார் தன் பெயரிலும், மனைவி, மகன் பெயரிலும் விண்ணப்பித்திருந்தார். நல்லவேளை, மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஐம்பதுக்கும் குறைவான பங்குகள். நஷ்டம் ஆயிரங்களோடு போயிற்று.

2010 அக்டோபரில் கோல் இந்தியா வந்தது. வெளியீட்டு விலை 245. சிறு முதலீட்டாளர்களுக்கு 5 சதவிகிதத் தள்ளுபடி போக 232.75 ரூபாய். தீபாவளிக்கு முதல் நாள் பட்டியலாகி, அன்றே 342 ரூபாயில் முடிந்தது. சூடு கண்ட பூனையாக இருந்த சார் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை.

இந்தக் கதையின் சுவாரஸ்யம் அதற்குப் பிறகுதான். கோல் இந்தியாவும் நேர்கோட்டில் ஏறிவிடவில்லை. நிலக்கரி விலையை ஏற்ற விடாமல் அரசு தடுக்கிறது என்று 2012-ல் லண்டனைச் சேர்ந்த ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் சண்டை போட்டது. 2014-ல் அது பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. 2020-ல் பங்கு 120 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வெளியீட்டில் வாங்கி பத்து வருடம் வைத்திருந்தவருக்கு, விலையில் பாதி போச்சு.

ஆனால், அந்தப் பத்து வருடத்தில் அவருக்கு டிவிடெண்டாக வந்த தொகை பங்குக்கு 150 ரூபாய்க்கு மேல். 2014 ஜனவரியில் ஒரே தவணையில் 29 ரூபாய் கொடுத்தார்கள். அதன் பிறகும் பொறுத்தவர், 2024-ல் விலை 500 ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தார்.

இரண்டுமே எரிசக்திப் பங்குகள். இரண்டுக்கும் கூட்டம் முண்டியடித்தது. ஒன்று தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்களை விற்றது. மற்றொன்று இனிமேல் கட்டப்போகும் நிலையங்களை விற்றது.

'மலிவு' என்னும் மயக்கம்

பங்குச் சந்தையில் பி.இ என்று ஓர் அளவுகோல் உண்டு. பங்கு விலையை, ஒரு பங்குக்கான வருட லாபத்தால் வகுத்தால் வருவது. எண் சிறியதாக இருந்தால் பங்கு மலிவு என்பார்கள். சோப்பு கம்பெனிக்கு இது ஓரளவு பொருந்தும். இரும்பு கம்பெனியில் இதே கணக்கு நம்மைத் தலைகீழாகக் கவிழ்க்கும்.

டாடா ஸ்டீல் 2021-22-ல் 41,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தது. பி.இ 4-ஐ ஒட்டி நின்றது. 'இவ்வளவு மலிவா!' என்று வாங்கினவர்கள் ஏராளம். அடுத்த வருடம் லாபம் சுமார் 8,000 கோடியாகச் சுருங்கியது. 2023-24-ல் 4,900 கோடியை ஒட்டி நஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், நஷ்டம் வந்த அந்த வருடத்தில்தான் பங்கு 105 ரூபாயிலிருந்து 155 ரூபாய்க்கு ஏறியது. லாபம் கொழித்த காலத்தில், 2021 ஆகஸ்ட்டிலேயே, பங்குப் பிரிப்புக்குப் பிந்தைய கணக்கில் 150 ரூபாயைத் தொட்டுவிட்டு, மறு வருடம் ஜூனில் 85 ரூபாயை ஒட்டி இறங்கியிருந்தது. கணக்கு அறிக்கை சொல்வது கடந்த வருடத்தை. சந்தை பார்ப்பது வரும் வருடத்தை. சரக்கு விலையில் ஓடும் நிறுவனங்களில் லாபம் உச்சியில் இருக்கும்போதுதான் பங்கு மலிவாகத் தெரியும். ஆபத்தும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

பூஜ்யத்துக்கும் கீழே

'பங்கு எதற்கு? நேராகக் கச்சா எண்ணெயிலேயே வியாபாரம் செய்யலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு தேதி: 2020 ஏப்ரல் 20.

அன்று அமெரிக்கச் சந்தையில் மே மாத கச்சா எண்ணெய் ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு, விற்பவரே பணம் கொடுக்க வேண்டிய நிலை. அதன்படி நம் எம்.சி.எக்ஸ் சந்தையிலும் ஏப்ரல் ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாய்க்குத் தீர்க்கப்பட்டது. ஒரு லாட் என்பது 100 பீப்பாய். வாங்கி வைத்திருந்தவர்கள் போட்ட பணம் முழுவதையும் இழந்ததோடு, லாட்டுக்கு 2,88,400 ரூபாய் மேலும் கட்ட வேண்டியிருந்தது.

பங்கில் போட்ட பணம் முழுவதும் போகலாம். அதற்கு மேல் போகாது. கடன் வாங்கியும் மார்ஜினிலும் செய்யும் ஊக வணிகத்துக்கு அந்தத் தரை கிடையாது. குடும்பப் பணம் அந்தப் பக்கம் போகவே கூடாது.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. விற்கும் பொருளுக்கு யார் விலை வைக்கிறார்கள்? உலகச் சந்தையா, அரசா, ஒழுங்குமுறை ஆணையமா? விவசாயி, செக்குக்காரர், கடைக்காரர், கூலிக்கு ஆட்டுபவர் என்ற நால்வரில் இவர் யார்? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாவிட்டால் வாங்க வேண்டாம்.

2. பத்து வருடத்தில் மிக மோசமான வருடம் எப்படி இருந்தது? டிவிடெண்டையும் பத்து வருடச் சராசரியாகப் பாருங்கள். ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

3. கடன் எவ்வளவு? காற்றாலை நிறுவனமான சுஸ்லான் கடன் வாங்கி வெளிநாட்டு நிறுவனங்களை வளைத்துப்போட்டது. 2008-ல் 400 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, 2012-ல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் போய், 2020-ல் 2 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கடனைக் குறைத்த பிறகு, 2024-ல் 80 ரூபாயைத் தாண்டியது. முப்பந்தலில் காற்று எப்போதும்போல வீசிக்கொண்டுதான் இருந்தது. கழுத்தைப் பிடித்தது கடன்.

4. இந்தப் பணம் எனக்கு எப்போது தேவை? பள்ளிக் கட்டணம், பிரீமியம், வாடகை போன்று தேதி குறித்த செலவுகளுக்கு இந்தப் பங்குகளை நம்பக் கூடாது. சரக்கு விலையின் சுழற்சி நம் காலண்டரைப் பார்த்துச் சுற்றாது.

5. வரி போக எவ்வளவு கையில் வரும்? 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட், வாங்குபவரின் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படுகிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிறுவனம் ஒரு வருடத்தில் தரும் டிவிடெண்ட் 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவிகிதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.

மொட்டை மாடியில்...

சார் அந்த 200 பங்குகளையும் விற்கவில்லை. பிறகு விலை மறுபடி ஏறத் தொடங்கியபோதும் அவசரப்படவில்லை. ஆனால், ஒன்றை மாற்றினார். பிரீமியத்துக்கான தொகையைத் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் திட்டத்தின் வட்டியிலிருந்து தனியாக எடுத்துவைத்துவிடுகிறார். டிவிடெண்ட் வந்தால் அது உபரி. வராவிட்டால் வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை.

பழைய கணக்கு நோட்டு ஒன்றில் மணலி ஆலையின் பத்து வருட லாப நஷ்டத்தை எழுதிவைத்திருக்கிறார். நஷ்டம் வந்த வருடங்களுக்குச் சிவப்பு மை. பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

"இதை வாங்கறதுக்கு முன்னாடி எழுதியிருக்கணும். பசங்களுக்கு நாற்பது வருஷம் சொன்னேன், விடையை முதல்ல எழுதிட்டு கணக்கைப் போடாதேன்னு. நானே அப்படித்தான் செஞ்சேன்" என்கிறார்.

மேற்கே தீ நாக்கு ஆடுகிறது. "லாபம் வந்த வருஷமும் அது இப்படித்தான் எரிஞ்சுது தம்பி, நஷ்டம் வந்த வருஷமும் இப்படித்தான் எரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடுகிறார் சார்.

(இந்தக் கட்டுரை விழிப்புணர்வுக்காக மட்டுமே. இதில் குறிப்பிட்டுள்ள எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை. முதலீட்டு முடிவுகளுக்கு முன் செபியில் பதிவுபெற்ற ஆலோசகரைக் கலந்துகொள்ளவும்.)